போதை இறக்கின சக்கை

அந்த மூட்டையச் சித்தே அக்கட்டால நகத்திக்கறீங்களா? பஸ்ஸுல கால் வெக்க எடமில்லீங்க. ஆங், போதுமுங்க. என்னங்க அது, புண்ணாக்குங்களா? மாட்டுக்கா? நல்லதுங்க. மாட்டுக்குப் புண்ணாக்கு, ஆட்டுக்குக் கொழை, கோழிக்குக் கம்பு. அந்தக் காலத்துல வகுத்து வெச்சவங்க என்ன முட்டாளுங்களா? என்ன வேணாலும் வளத்துங்க, முயலு மட்டும் வளத்திராதீங்க. வளத்துனாலும் பீரு குடுத்து வளத்திராதீங்க.

சிரிக்காதீங்க. வெளையாட்டுக்குச் சொல்லலை. எங்கூட்டுல முயலுக்கு பீரு குடுத்து, நான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துட்டனுங்க.

பீருன்னா பீரில்லையாமுங்க. அதத்தான் எம்மருமவ ஏழு வாரமா பாடிட்டிருந்தா. "மாமா, அது பீரில்லீங் மாமா, சக்கைங் மாமா." பார்லியை மொளைக்க வெச்சு, காய வெச்சு, வேக வெச்சு சாறெடுப்பாங்களாம். அந்தச் சாறுதான் அப்பறம் பீராவுதாம். மிஞ்சற சக்கையில போதையே கெடையாதாம், அம்புட்டும் சத்தாம். "கரும்பாட்டுன சக்கையில வெல்லம் இருக்குதுங்களா மாமா, அது மாதிரிதானுங்க இதும்"னா. நான் உடுவனுங்களா? "கரும்புச் சக்கையை மென்னு பாரு அம்மிணி, இனிப்பு இருக்குமல்ல?"ன்னு கேட்டேன். தலையில அடிச்சுட்டு முயலுக்குத் தழை வெக்கப் போயிட்டா. பதினஞ்சு வருசம் படிச்ச புள்ளைங்க. ஒரு கேள்விக்கு நிக்க முடியலை.

நான் ஆருன்னு சொல்லவே இல்லை பாருங்க. எம்பேரு நாச்சிமுத்து. செங்காட்டுப்புதூரு மது ஒழிப்புக் குழுத் தலைவரு. பதினேழு வருசமா நாந்தானுங்க தலைவரு. போட்டிக்கு ஆரும் நிக்கறதில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த ஒயின் ஷாப்பை, நாலு நாளு ரோட்டுல படுத்து, நகத்துனது நாந்தானுங்க. இப்ப அது பொம்பளைங்க பஸ் ஏறற எடத்துக்கு எதுக்கால இருக்குது. அது வேற கதை. நகத்துனது நாந்தான்.

ஒரே பையன், நந்தகோபாலு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. வாரத்துக்கு ஒருக்கா வருவான். அவனுக்குப் பல்லடத்துப் பக்கம் பொண்ணெடுத்தோம், பிரபாவதின்னு. வந்த புள்ள சும்மா இருக்குமா? கால்நடைப் பயிற்சி மையத்துல போயி முயல் வளப்புப் படிச்சா. நாலு முயலோட வந்தா. நாலு நாப்பதாச்சு. முயலுக்குச் சொல்லியா தரணும்? கட்டுத்தரையில எங்கப்பங் காலத்து எருமை நின்ன எடத்துல இப்ப கம்பிக் கூண்டு, ரெண்டு வரிசை.

அந்த மையத்துல இருக்கற டாக்டரம்மா எம்மருமவ தலையில ஒரு வேலையக் கட்டி உட்டாங்க. கணவாய்க்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு பீரு கம்பெனி இருக்குதாம். அங்கிருந்து சக்கை வாங்கி, வெயில்ல சலசலன்னு காய வெச்சு, வளர்ற குட்டிகளுக்குக் குடுத்துப் பாக்கோணுமாம். பால் மறந்த குட்டி நாப்பத்தெட்டு. இருவத்துநாலுக்கு கடைத் தீவனம் மட்டும். மிச்சம் இருவத்துநாலுக்குத் தீவனத்துல கால் பங்கைக் கொறைச்சு, அதுக்குப் பதிலா இந்தச் சக்கை. ரெண்டுக்கும் வேலிமசால் தழை ஒரே அளவு. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை எடை போட்டு நோட்டுல எழுதோணும். எட்டு வாரத்துல ரெண்டு வரிசையும் ஒரே எடைக்கு வந்துட்டா, சுத்துப்பட்டு அஞ்சு ஊருப் பொம்பளைங்களக் கூட்டி, எம்மருமவளை மேடையேத்தி, மைக்கு குடுத்துப் பேசச் சொல்லுவாங்களாம்.

எங்கூட்டுல மைக்குப் புடிக்கற ஆளு நான் ஒருத்தந்தானுங்க. அதுக்காக எனக்கு ஒண்ணும் பொறாமை கெடையாது. சும்மா சொல்றேன்.

சக்கை மூட்டை வந்து எறங்குன அன்னிக்கே ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. டீக்கடையில எம் பங்காளி சிவமலை, பொழுதோட ஆச்சுன்னா அவனே நேரா நிக்க மாட்டான், அவங் கேக்கறான்: "ஏப்பா தலைவரே, முயலுக்கு பீரு சரி, சைடு டிஷ்ஷு என்ன குடுக்கறீங்க?" கடையே சிரிக்குது. டீயை அப்பிடியே வெச்சுட்டு வந்துட்டனுங்க. பனைமரத்தடியில உக்காந்து பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க. என்ற பேரு என்னாவறது? ஒண்ணா ரெண்டா, பதினேழு வருசத்துப் பேருங்க. அப்ப வாற அக்டோபரு ரெண்டாந் தேதி பள்ளிக்கூடத்துல நான் பேசறதா இருந்துச்சு. "உங்கூட்டு முயலு குடிக்குதாமே தாத்தா"ன்னு ஒரு புள்ள எந்திரிச்சுக் கேட்டா?

நானும் ஆராயாமச் சொல்ற ஆளில்லீங்க. ஒரு வாரம் கூண்டு முன்னாலயே நாற்காலி போட்டு உக்காந்து பாத்தேன். சக்கை தின்ன முயலெல்லாம் திடீர்னு ஒரு குதி குதிக்குது, அந்தரத்துல ஒடம்பை ஒரு முறுக்கு முறுக்குது, எறங்குது. மத்தியானமானா காலை நீட்டித் தூங்குது. கண்ணைப் பாத்தா செவசெவன்னு இருக்குது. நாப்பது வருசமா குடிகாரனைப் பாத்தவனுங்க நான். இது எனக்குத் தெரியாதுங்களா? மருமவகிட்டச் சொன்னா, "வெள்ளை முயலுக்குப் பொறவியிலயே கண்ணு செவப்புதானுங் மாமா"ங்கறா. அப்ப தாய்ப்பால்லயே ஏறியிருக்குது. "சந்தோசமா இருந்தா முயலு அப்பிடித்தானுங் மாமா குதிக்கும்"ங்கறா. சந்தோசமா இருக்குதுன்னா காரணம் வேண்டாமுங்களா?

சக்கையை நிறுத்துன்னேன். கேக்கலை. பையனுக்குப் போன் போட்டேன். அவன் "அப்பா, நீங்க சித்தே சும்மா இருங்கப்பா"ன்னுட்டு வெச்சுட்டான். சரீன்னு நானும் உட்டுட்டனுங்க. நான் ஒண்ணும் கொடுமைக்கார மாமனாரில்லை.

ஏழாவது வாரம் முடியற சமயம். மையத்துல ஏதோ கூட்டம்னு மருமவ மூணு நாளைக்குக் கெளம்பிட்டா. போகையில எங்கூட்டுக்காரி பாவாத்தாகிட்ட ரெண்டு பிளாஸ்டிக் மக்கு குடுத்தா. பச்சை மக்கு இந்த வரிசைக்கு, செவப்பு மக்கு அந்த வரிசைக்கு, தலை தட்டி ஒரு மக்கு, அவ்வளவுதான். அப்பறம் பத்துத்தடவை சொன்னா: "அத்தை, சக்கையில மட்டும் தண்ணி பட்டறாம பாத்துக்குங்க. ஈரம் பட்டா ஒரே நாள்ல புளிச்சுரும். புளிச்சதைத் தின்னா குட்டிக்கு வயிறு ஊதிரும், அப்பறம் பொழைக்காதுங் அத்தை."

நான் பக்கத்துலதான் பல்லு வெளக்கிட்டிருந்தேன். எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சுங்க. தண்ணி படக்கூடாதுன்னு எதுக்கு இந்தப் புள்ள இப்பிடி அடிச்சுக்குது? தண்ணி பட்டா போதை எறங்கீரும்! அதானுங்க. காட்டுக்கெழங்கை என்ன பண்றோம்? கசப்புப் போறதுக்கு ஊற வெச்சு ஊற வெச்சுக் கொட்டறமல்ல? சுண்டக்காயை மோருல போட்டு எடுக்கறமல்ல? அதே கணக்குத்தான். சக்கையும் இருக்கட்டும், சத்தும் இருக்கட்டும், போதை மட்டும் போகட்டும். மருமவ மனசும் நோவக்கூடாது, என்ற பேரும் கெடக்கூடாது. நாயமா இருக்குதுங்களா இல்லீங்களா, நீங்களே சொல்லுங்க.

பாவாத்தாகிட்டச் சொன்னேன், "நீ அடுப்பைப் பாரு, மூணு நாளைக்கு முயலை நான் பாத்துக்கறேன்"னு. ஒரு நீல டிரம்மை எடுத்தேன். ரெண்டு மூட்டைச் சக்கையையும் கொட்டுனேன். தண்ணி ஊத்துனேன், முங்கற மாதிரி. போதை எறங்குனா பித்தம் ஏறுமுன்னு எங்கப்பன் சொல்லுவாரு, அதுக்கு நாட்டுச் சக்கரை ரெண்டு கிலோ கரைச்சு ஊத்துனேன். வாயில்லாச் சீவன், வெறுஞ்சக்கையை எப்பிடித் திங்கும்? மூடியப் போட்டு, சாக்கைச் சுத்தி, கவுத்துல இறுக்கிக் கட்டி, கட்டுத்தரைக்குப் பின்னால சோளத்தட்டுப் போருக்குள்ள தள்ளி, மேல நாலு கத்தை தட்டையும் போட்டு மூடுனேன். ஆரு கண்ணுலயும் படக்கூடாதல்லங்க. ஊரு ஒண்ணுன்னா ஒம்போதுங்குது.

எங்கூட்டுக்காரி பாத்துட்டா. "ஏனுங்க, இது வேண்டாமுங்க. தண்ணி படக்கூடாதுன்னு புள்ள அத்தனை தடவை சொல்லிட்டுப் போச்சுங்க"ன்னா. முப்பத்தெட்டு வருசத்துல அவ என்னைய ஒண்ணு வேண்டாமுன்னு சொன்னது அதுதான் மொதல் தடவை. பழக்கமில்லாததுனால நானும் காதுல வாங்கலை.

மூணாம் நாளு பொழுதெறங்கறதுக்கு முன்னால மூடியத் தொறந்தனுங்க. என்னத்தச் சொல்ல! மேல வெள்ளை வெளேர்னு நொரை. கொமுக்கு கொமுக்குன்னு சத்தம். மூஞ்சியக் கொண்டுபோனா கண்ணு எரியுது. வாடைன்னா வாடை, ஒயின் ஷாப்புப் பின்னால நிக்கற வாடை. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. எத்தனை போதை பாருங்க! ஏழு வாரமா பொய் சொல்லியிருக்கறாளே! "போதையே கெடையாதுங் மாமா"வாம். இதென்ன அப்ப, பன்னீரா? அத்தனையும் என்ற கண்ணு முன்னால எறங்கி வந்து நிக்குது. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்திருந்தா இன்னும் தெளிவாத் தெரிஞ்சிருக்கும். நான் வெக்கலை. விரதமுன்னா விரதம்.

சக்கையை ஒரு பழைய வேட்டியில புழிஞ்செடுத்தேன். தண்ணியக் கொட்டலை, மருமவகிட்டக் காட்டறதுக்கு ஆதாரம் வேணுமல்ல, டிரம்முலயே உட்டுட்டேன். சக்கையை நாப்பத்தெட்டுக் குட்டிக்கும் வெச்சேன். ஆமாங்க, ரெண்டு வரிசைக்குந்தான். ஒரு வரிசைக்கு வெச்சு ஒரு வரிசைக்கு வெக்காம உடறது பாரபட்சமில்லீங்களா? மூணு நாளா கடைத் தீவனத்தையே திருப்பித் திருப்பித் தின்னதுங்க, சக்கரைக் கொணத்துக்கு தட்டை ஒட்டத் தொடைச்சு நக்கீருச்சுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மொதல் தடவையா அந்தக் குட்டிக சுத்தமான சாப்பாடு திங்குதேன்னு.

வெடியால கட்டுத்தரைக்குப் போனேன்.

பொய் சொல்ல மாட்டனுங்க, பாத்ததைச் சொல்றேன். குட்டிக வயிறெல்லாம் பலூனாட்டம் ஊதி, நாலு காலையும் நீட்டி, வரிசையாக் கெடக்குது. சிலது பல்லைக் கடிச்சுட்டு மூலையில குறுகி உக்காந்திருக்குது. ஒண்ணைத் தூக்குனேன். சூடா இருந்துச்சு, என்ற கையிலயே ஒரு ஒதறு ஒதறி நின்னு போச்சு. எத்தனையோ ஆட்டை அறுத்த கையிங்க இது. அன்னிக்கு அந்தக் குட்டியக் கீழ வெக்க வரலை. பத்து மணிக்கு முப்பத்தியொண்ணு போயிருச்சு.

மத்தியான பஸ்ஸுல மருமவ வந்து எறங்குனா. கையில ஏதோ அச்சடிச்ச பாரக் காயிதம் வெச்சிருந்தா, எட்டாவது வாரத்து எடையெழுதறதுக்குன்னு மையத்துல குடுத்ததாம். கூண்டைப் பாத்தா. அழுவாள்னு நெனைச்சேன். அழலை. உள்ள போயி தராசை எடுத்துட்டு வந்தா. செத்துப்போன குட்டியை ஒண்ணொண்ணாத் தராசுல வெச்சு, எடை பாத்து, நோட்டுல எழுதறா. முப்பத்தியொண்ணையும். ஈக்கூட்டம் மொய்க்குது, அவ பாட்டுக்கு எழுதறா. இதென்ன புள்ளைங்க? மனசுன்னு ஒண்ணு இருந்தா அப்பிடி எழுத வருமா? எழுதி முடிச்சு நோட்டை மூடிட்டு, "அத்தை, என்ன போட்டீங்க?"ன்னு கேட்டா. பாவாத்தா என்னையப் பாத்தா. நான் மருமவளைப் பாத்தேன். "உன்ற சக்கையத்தான் அம்மிணி. பீரு என்ன பண்ணுமுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"ன்னேன்.

அதோட உட்டிருந்தாப் பரவால்லீங்க. எனக்கு நாயம் வேணுமுன்னு ஆயிப்போச்சு. டிரம்மு நெறைய ஆதாரம் வெச்சிருக்கேன். இந்தச் சக்கையில போதை இருக்குதுன்னு சர்க்காரு ஆளு ஒருத்தரு வந்து பாத்து எழுதிட்டா, சிவமலை வாயிலிருந்து ஊரு வாய் வரைக்கும் மூடீரும். மதுவிலக்குப் போலீசு நெம்பரு எனக்கு மனப்பாடமுங்க. கூப்புட்டேன். "எங்கூட்டுல வந்து பாருங்க"ன்னு நானே கூப்புட்டேன்.

ஜீப்பு வந்துச்சு. ஒரு ஏட்டு, ரெண்டு போலீஸு, ஒரு பொம்பளைப் போலீஸு. ஊரே பின்னால. நான் சோளத்தட்டை எடுத்துப் போட்டு, கவுத்தை அவுத்து, மூடியத் தொறந்து காட்டறேன். ஏட்டு மோந்து பாத்தாரு. ஒரு குச்சிய உட்டுக் கலக்கிப் பாத்தாரு. அப்பறம், "சாராய ஊறலு. நல்ல ஊறலு. ஆரோடது?"ன்னாரு.

"மருமவளோடதுங்க"ன்னேன்.

பொய்யிங்களா? சக்கை அவளோடதுதானே? ஏட்டு அந்தப் புள்ளையப் பாத்து, "எத்தனை நாளாச்சும்மா ஊறப் போட்டு?"ன்னாரு. அது திருதிருன்னு முழிக்குது. நாந்தான், "மூணு நாளாச்சுங்க"ன்னேன். "என்னென்ன போட்டிருக்குது?"ன்னாரு. அதுக்கும் முழிக்குது. "நாட்டுச் சக்கரை ரெண்டு கிலோங்க"ன்னேன். ஏட்டு மெதுவாத் திரும்பி, "இத்தனையும் உங்களுக்கு எப்பிடிங்க பெரியவரே தெரியும்?"னாரு. "இந்தூட்டுல எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காதுங்க"ன்னு சொன்னேன். பெரிய மனுசன் வேற என்ன சொல்றது?

அவங்க தப்பாப் புரிஞ்சுட்டாங்க. பொம்பளைப் போலீஸு மருமவ கையைப் புடிச்சு, "செருப்பை மாட்டிக்கம்மா, ஜீப்புல ஏறு"ங்குது. அந்தப் புள்ள என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. நான் தட்டுப்போரைப் பாத்துட்டிருந்தேன். சொல்லலாமுன்னுதானுங்க இருந்தேன். கூட்டத்துல சிவமலை நிக்கறான். பதினேழு வருசத்துத் தலைவன் ஊறல் போட்டான்னு அவன் வாயில உழுந்தா அப்பறம் எந்திரிக்க முடியுங்களா? ஸ்டேஷனுக்குப் போனதுக்கப்பறம் தனியா ஏட்டுகிட்டச் சொல்லிக்கலாமுன்னு ஒரு ரோசனை. சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன்னு நீங்க நெனைக்கறீங்களா?

அதுக்குள்ள எங்கூட்டுக்காரி உள்ள போயி, சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்துட்டு வந்துட்டா. எங்க பக்கம் இது உங்களுக்கும் தெரியுமே. ஒரு வழக்குன்னு வந்து, ஆரு சொல்றது நெசமுன்னு தெரியலைன்னா, சூடத்தைப் பத்த வெச்சு கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. கோயில்ல வெச்சுத்தான் பண்ணுவாங்க. ஆம்பளைங்கதான் பண்ணுவாங்க. இவ கட்டுத்தரையில வெச்சே பண்ணிப்போட்டா. செத்த குட்டிகளக் குமிச்சு வெச்சிருந்த எடத்துக்கு முன்னால, ஒரு ஓட்டாஞ்சில்லுல பத்த வெச்சா. கட்டிச் சூடமுங்க, ஆளு முழங்கால் ஒசரத்துக்கு எரியுது. அணையட்டுமுன்னு பாக்கலை, தட்டி உடலை, உள்ளங்கைய வெச்சு அமுத்துனா. வெச்ச கையை எடுக்காமயே சொல்றா:

"இது இந்தூட்டுக்காரரு ஊறப் போட்டது. எங் கண்ணால பாத்தேன். வேண்டாமுன்னு சொன்னேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. நான் சொல்றது பொய்யின்னா எனக்கு இந்தக் கையி வெளங்காமப் போவட்டும்."

அப்பவும் எம்பேரைச் சொல்லலை பாருங்க. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் உடலை. ஏட்டு தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வெச்சுட்டாரு. சூடத்தை அணைச்சதுக்கப்பறம் எங்க பக்கத்துல ஆரும் மறுகேள்வி கேக்கறதில்லைங்க, போலீஸா இருந்தாலும். கட்டுன புருசனை சூடம் அணைச்சுக் காட்டிக் குடுத்தவளை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா? அவ கை வெந்து பொத்துப் போச்சு. மருமவ ஓடிவந்து அந்தக் கையைப் புடிச்சுட்டு, அப்பத்தானுங்க அழுதா. குட்டிக்கு அழுவலை, அதுக்கு அழுதா.

என்னைய ஏத்துனாங்க. ஸ்டேஷன்ல பெஞ்சு மேல பொழுது சாயற வரைக்கும் உக்காத்தி வெச்சாங்க. ஏற்கெனவே மூணு பேரு இருந்தானுங்க, எல்லாம் நெசமாலுமே மலையடிவாரத்துல காச்சறவனுங்க. நகந்து எடங் குடுத்தானுங்க. ஒருத்தன் மரியாதையா கேக்கறான்: "வேலம்பட்டை போடாம வெறுஞ்சக்கையில மூணே நாள்ல எப்பிடிங்கையா நொரை கட்டுச்சு?" சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவன் நெசமாவே தெரிஞ்சுக்கோணுமுன்னு கேட்டான். தட்டுப்போருச் சூடுதான் காரணமுன்னு வெவரமாச் சொன்னேன். ஆமாங்கையா, ஆமாங்கையான்னு தலையாட்டிக் கேட்டுக்கிட்டானுங்க. எம்பேச்சை அத்தனை கவனமா ஆருங்க கேட்டிருக்கறாங்க, எங்கூட்டுல?

குழுவுல ஒரு ராத்திரி கூடப் பொறுக்கலை, அடுத்த நாளே கூட்டம் போட்டு என்னைய எடுத்துட்டு சிவமலையத் தலைவராக்கிட்டானுங்க. அக்டோபரு ரெண்டாந் தேதி அவந்தான் பேசுனான். நேரா நின்னே பேசுனானாம், சொல்லிக்கறாங்க.

சரி, அது போச்சு. தலைவரு பதவி வரும் போவும். எனக்கு நெஞ்சுல குத்தறது வேறைங்க.

அன்னிக்கு என்னைய எப்பிடி வெளிய உட்டாங்கன்னு நெனைக்கறீங்க? எம்மருமவ டாக்டரம்மாவைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டா. அவங்க, இது தீவனச் சக்கைதான்னு ஒரு கடுதாசி. இவ தனியா ஒரு கடுதாசி. நான் கேட்டனா? அவளா எழுதிக் குடுத்தா. ஏட்டு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிக்கறாரு: "மேற்படியார் என் மாமனார். சாராயம் காய்ச்சும் நோக்கம் அவருக்கு இல்லை. முயல் குட்டிகளின் மேல் இருந்த அக்கறையாலும், அறியாமையாலும் இவ்வாறு செய்துவிட்டார். அவர் மேல் நடவடிக்கை வேண்டாம்."

அறியாமையாம்!

கேட்டீங்களா? அறியாமை! பெஞ்சுல உக்காந்திருந்த மூணு பேருமே என்னையத் திரும்பிப் பாத்தானுங்க. அதுவரைக்கும் ஐயா ஐயான்னவனுங்க. அக்கறைன்னும் எழுதியிருக்கறாளேன்னு எம்பையன் சொல்றான். அதை ஆரு கேட்டாங்க? முன்னால வெல்லத்தை வெச்சுட்டுப் பின்னால வேப்பங்காயை வெச்சாச் சரியாப் போச்சுங்களா? நாட்டாமை பாத்த குடும்பம், பதினேழு வருசம் மைக்குப் புடிச்சவன், எனக்குத் தெரியலைன்னு ஒரு புள்ள எழுதி, அதை சர்க்காரு பைலுல ஒட்டி வெச்சிருக்கறாங்க. நான் செத்தாலும் அது அங்கயே கெடக்குமுங்க.

பொழைச்ச பதினேழு குட்டியையும் எடுத்துட்டு மருமவ பல்லடம் போயிட்டா. பையன் இப்ப வாரத்துக்கு ஒருக்கா அங்கதான் போறான். எங்கூட்டுக்காரியும் கையில கட்டோட கூடவே போயிட்டா, முயலுக்குத் தழை அறுக்க ஆளு வேணுமாம். எடை வராட்டியும் மையத்துல மருமவளுக்கு மைக்கைக் குடுத்துட்டாங்க. அஞ்சு ஊருப் பொம்பளைங்க முன்னால நின்னு, காஞ்ச சக்கை என்ன பண்ணும், ஈரச் சக்கை என்ன பண்ணுமுன்னு நோட்டைப் பாத்துச் சொன்னாளாம். "ஒரு பெரியவர் தெரியாமல் ஊறவைத்துவிட்டார்"னுதான் சொன்னாளாம், பேரைச் சொல்லலையாம். தெரியாமலாம். மறுபடியும் அதேதான்!

அதுக்குத்தானுங்க இன்னிக்குக் கெளம்பி வந்திருக்கேன். அந்தக் கடுதாசியில அந்த ஒரு வார்த்தையை அடிக்கோணும். அடிக்கலைன்னா, நானே தனியா ஒரு கடுதாசி குடுக்கப் போறேன். இதோ, ஜோப்புலயே எழுதி வெச்சிருக்கேன், பாருங்க. "சக்கரை ரெண்டு கிலோ கரைத்து, மூன்று நாள் மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்." கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன், முழுப்பேரு.

என்னது? கேஸாயிருமுங்களா? உள்ள வெச்சிருவாங்களா?

நீங்க ஒண்ணுங்க. ஏட்டு நம்மளுக்குத் தெரிஞ்ச மனுசன். பெரிய மனுசன் எழுதிக் குடுத்தா நாயத்தை எடுத்துக்கப் போறாரு. ஏனுங்க கண்டக்டரு, ஸ்டேஷன் ஸ்டாப்புல நிறுத்துங்க, எறங்கோணும். வரட்டுமுங்களா? இதைக் குடுத்துட்டு, மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு வந்துருவனுங்க.